படித்தது புரிந்ததா? குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் உதவும் வழிகள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம் எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "பிள்ளைகளின் படிப்புக்காக" என்றுதான் பதில் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கம்ப்யூட்டர் வந்த பிறகு பல வீடுகளில் நடப்பது என்ன? பாடத்தில் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. பிள்ளை அந்தக் கேள்வியை அப்படியே சர்ச் இஞ்சினில் டைப் செய்கிறது. கிடைக்கும் பதிலை நோட்டில் எழுதுகிறது. ஆசிரியரின் "டிக்" அடையாளமும் கிடைக்கிறது. அதே பாடத்தைக் காட்டி, "இதில் என்ன சொல்லி இருக்கிறது? உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால், பிள்ளை விழிக்கிறது.

பதிலைக் கண்டுபிடிப்பது வேறு; படித்ததைப் புரிந்து கொள்வது வேறு. முதல் வேலையைக் கம்ப்யூட்டர் நம்மைவிட வேகமாகச் செய்துவிடும். இரண்டாவது வேலையைப் பிள்ளைதான் செய்தாக வேண்டும். அதற்கும் உங்கள் கம்ப்யூட்டர் உதவும். பதிலை எடுக்கும் பெட்டியாக இல்லாமல், பிள்ளை தன் கருத்தைச் சொல்லும் இடமாக அதனை மாற்ற வேண்டும். இதற்குத் தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்கத் தேவை இல்லை. விண்டோஸ் சிஸ்டத்துடன் வருபவையும், இலவசமாகக் கிடைப்பவையுமே போதும். எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு சிறிய சோதனை:

கீழே உள்ள மூன்று வரிகளைப் படித்துப் பாருங்கள்.

"தூமிலன் தொரவத்தில் மிலுங்கினான். அங்கே மூன்று நொடலிகள் சிமுக்கின. தூமிலனைக் கண்டதும் ஒரு நொடலி மட்டும் பெனுங்கியது."

இனி கேள்விகள். தூமிலன் எங்கே மிலுங்கினான்? எத்தனை நொடலிகள் சிமுக்கின? தூமிலனைக் கண்டதும் ஒரு நொடலி என்ன செய்தது?

தொரவத்தில், மூன்று, பெனுங்கியது. மூன்றுக்கு மூன்று மதிப்பெண்கள் வாங்கிவிட்டீர்கள். ஆனால் தூமிலன் யார், நொடலி என்பது பறவையா பாத்திரமா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தச் சொற்கள் எல்லாம் இந்தக் கட்டுரைக்காக நான் உருவாக்கியவை.

தமிழின் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகி இருப்பதால், பொருள் தெரியாமலேயே சரியான சொல்லை எடுத்துப் பதிலாக எழுத முடிகிறது. பாடப் புத்தகத்தின் வினா விடைப் பகுதியில் பல பிள்ளைகள் செய்வது இதுதான். எனவே நோட்டில் உள்ள சரியான விடை, பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் ஆகாது.

தடை எங்கே இருக்கிறது?

கப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டு படித்தலைப் பற்றி ஓர் எளிய கணக்கைத் தந்தனர். படித்துப் புரிந்து கொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல் என்பது அவர்கள் கருத்து. ஒன்று, எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்கும் திறன். இன்னொன்று, மொழியைக் கேட்டுப் புரிந்து கொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்தான். மேலே நாம் செய்த சோதனையில் நடந்ததும் அதுவே. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை.

உங்கள் பிள்ளைக்குத் தடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து கொள்ள ஓர் எளிய வழி உண்டு. பிள்ளையின் வகுப்புக்கு ஏற்ற, ஆனால் இதுவரை படிக்காத ஒரு பத்தியை எடுங்கள். முதலில் பிள்ளை படித்துவிட்டு, தன் சொந்த வார்த்தைகளில் அதைச் சொல்லட்டும். பின்னர் அதே அளவிலான இன்னொரு பத்தியை நீங்கள் படித்துக் காட்டி, அதனையும் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்தால் புரிகிறது, தானே படித்தால் புரியவில்லை என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே பிள்ளையின் கவனம் எல்லாம் செலவாகிவிடுகிறது என்று பொருள். அதற்கு எளிய கதைகளைச் சத்தமாகப் படிக்கும் பயிற்சி தேவை. நீங்கள் படித்துக் காட்டியும் புரியவில்லை என்றால், தடை சொற்களிலோ, சொல்லப்படும் விஷயத்திலோ இருக்கிறது. அதற்குத் தேவை பேச்சும் விளக்கமும். எத்தனை முறை சத்தமாகப் படிக்கச் சொன்னாலும் அது சரியாகாது.

பெற்றோருக்குத் தமிழ் படிப்பதில் தடுமாற்றம் இருந்தால், விண்டோஸுடன் வரும் மைக்ரோசாப்ட் எட்ஜ் பிரவுசரைப் பயன்படுத்தலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் யானை, தேனீ போன்ற ஒரு பக்கத்தைத் திறந்து கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்திடவும். "ரீட் அலவுட்" என்ற வசதி இயங்கிப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கும். மேலே "வாய்ஸ் ஆப்ஷன்ஸ்" என்பதில் கிளிக் செய்தால் குரலையும் வேகத்தையும் மாற்றலாம். தமிழுக்கு பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் பெண் குரலும் ஆண் குரலும் தரப்பட்டுள்ளன. இந்தக் குரல்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தேவை. படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களை இந்த வசதி படிக்காது.

பேச்சுத் தமிழில் சொல்லட்டும்:

தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு. புத்தகத்தில் உள்ள தமிழ் வேறு. வீட்டில் "வந்துட்டான்" என்று கேட்டு வளரும் பிள்ளை, புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று படிக்கிறது. "அவங்ககிட்ட" என்பது "அவர்களிடம்" ஆகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஏறக்குறைய ஒரு மொழிபெயர்ப்பு வேலை.

எனவே படித்ததைச் சொல்லச் சொல்லும்போது, வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்ல அனுமதியுங்கள். புத்தகத் தமிழைப் பேச்சுத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்றால், பொருள் புரிந்தால்தான் முடியும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது.

மூன்று வகைக் கேள்விகள்:

நாம் எந்த வகைக் கேள்வியைக் கேட்கிறோம் என்பது முக்கியம். இதனை விளக்க, நானே எழுதிய ஒரு சிறிய கதையைத் தருகிறேன். உங்கள் பிள்ளைக்கும் படித்துக் காட்டலாம்.

"பள்ளியிலிருந்து வந்த முத்து, பையைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினான். கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் குழம்பைக் கிளறிக் கொண்டிருந்தாள். அப்பா ஒரு புதுச் சட்டையின் மடிப்பைப் பிரித்துக் காட்டி, 'பள்ளிக்கூட ஃபீஸும் கட்டியாச்சுடா' என்றார். முத்து சட்டையைத் தொடவே இல்லை."

முதல் வகைக் கேள்வி, வரியிலேயே விடை இருப்பது. முத்து பையை எங்கே போட்டான்? விடை: திண்ணையில். தூமிலனைப் பற்றிக் கேட்டதும் இதே வகைதான்.

இரண்டாவது வகைக்கு, வரிகளுக்கு இடையே விடை இருக்கும். கட்டுத்தறியில் கட்டி இருந்தது எது? அது எங்கே போயிற்று? அம்மா ஏன் முகத்தைப் பார்க்கவில்லை? கதையில் ஆடு என்ற சொல்லோ, விற்றார் என்ற சொல்லோ இல்லை. வெறும் கயிறு, புதுச் சட்டை, கட்டிய ஃபீஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பிள்ளை "ஆடு" என்று சொன்னாலும் சரி. "கன்றுக்குட்டி" என்று சொன்னாலும் சரி. "எப்படித் தெரிந்தது? எந்த வரியைப் பார்த்துச் சொன்னாய்?" என்று கேளுங்கள். கதையில் ஆதாரம் காட்ட முடிகிற எந்த விடையும் நல்ல விடைதான்.

மூன்றாவது வகைக்கு விடை பிள்ளையின் மனதில் இருக்கிறது. அப்பா செய்தது சரியா? நீ முத்துவாக இருந்தால் என்ன சொல்லி இருப்பாய்? முத்து நாளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக் கொள்வானா? இதற்கு எந்த கைடிலும் விடை இல்லை. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வேறு வேறு விடை சொல்லலாம். படித்ததற்குத் தன் கருத்தைச் சொல்வது என்பது இதுதான். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1938ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதனை வலியுறுத்தினார். ஒரு கதையின் பொருள் தாளில் மட்டும் இல்லை. படிப்பவர் தன் அனுபவத்தோடு அதனை அணுகும்போதுதான் அது உருவாகிறது என்பது அவர் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கட்டுத்தறி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அந்த ஒரு சொல் தெரியாவிட்டால் கதை முழுவதும் கை நழுவிவிடும். இந்த இடத்தில்தான் இன்டர்நெட் உண்மையாகவே கை கொடுக்கிறது. சர்ச் இஞ்சினில் "மாடு கட்டுத்தறி" என டைப் செய்து, "இமேஜஸ்" பிரிவில் கிளிக் செய்தால் படங்கள் கிடைக்கும். பத்து வரி விளக்கத்தை விட ஒரு படம் போதும். கதைக்கு விடையைத் தேடாமல், கதையில் வரும் உலகத்தைத் தெரிந்து கொள்ளத் தேடுவது நல்ல பழக்கம்.

நான்கு வேலைகள்:

பாலின்க்சர், பிரௌன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பொருள் புரியாமல் தவித்த மாணவர்களை வைத்து அவர்கள் இதனைச் செய்து பார்த்தனர். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும்.

1. சுருக்கிச் சொல்லுதல்: இதுவரை என்ன நடந்தது?

2. கேள்வி கேட்டல்: இந்தப் பத்தியை வைத்து ஒரு கேள்வியைத் தயார் செய்தல்.

3. தெளிவு பெறுதல்: எந்தச் சொல், எந்த வரி புரியவில்லை?

4. ஊகித்தல்: அடுத்து என்ன நடக்கும்?

இதன் சிறப்பு, ஆசிரியரும் மாணவரும் மாறி மாறிக் கேட்பதுதான். ஒரு பத்திக்கு நீங்கள் கேள்வி கேளுங்கள். அடுத்த பத்திக்குப் பிள்ளை ஆசிரியராகி உங்களைக் கேட்கட்டும். அப்பாவும் அம்மாவும் பதில் தெரியாமல் திணறுவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சியே தனி. கேள்வி தயார் செய்வதற்காகவே பத்தியை இரண்டு முறை படிப்பார்கள்.

இனி, இவற்றைக் கம்ப்யூட்டரில் செய்திடும் வழிகளைப் பார்க்கலாம்.

கதைகளைப் பெறுதல்:

பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணைய தளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் படங்களுடன் சிறுவர் கதைகள் கிடைக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. சர்ச் இஞ்சினில் ஸ்டோரிவீவர் என்று தேடித் தளத்தைத் திறந்து, மொழியைத் தமிழ் எனத் தேர்ந்தெடுத்திடவும்.

கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலையில் ஏறத்தாழ 250 சொற்களுக்கு உட்பட்ட, எளிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும் கதைகள் இருக்கும். நிலை ஏற ஏறக் கதை நீளும், வாக்கியங்களும் நீளும். பிள்ளையின் வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால், அதற்கு முந்தைய நிலைக்குச் செல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் நிலைக் கதையைப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

டவுன்லோட் போன்ற வசதிகளுக்குப் பதிவு செய்திடச் சொன்னால், உங்கள் இமெயில் முகவரியையே தாருங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி போன்ற தகவல்களைத் தர வேண்டாம்.

தமிழில் டைப் செய்திட:

பிள்ளை தன் கருத்தை எழுத வேண்டும் என்றால் தமிழில் டைப் செய்திட வேண்டும். விண்டோஸ் 11 சிஸ்டத்தில் இதற்கான வழி கீழே தரப்படுகிறது.

1. ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும்.

2. இடது பக்கம் "டைம் அண்ட் லாங்க்வேஜ்" என்பதைக் கிளிக் செய்து, அதில் "லாங்க்வேஜ் அண்ட் ரீஜன்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. "ஆட் எ லாங்க்வேஜ்" பட்டனை அழுத்தவும். கிடைக்கும் பட்டியலில் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்து, "நெக்ஸ்ட்", பின்னர் "இன்ஸ்டால்" என அழுத்தவும்.

4. மொழிப் பட்டியலில் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, "லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ்" செல்லவும். அங்கே "ஆட் எ கீபோர்ட்" என்பதில், விருப்பமான கீபோர்டைத் தேர்ந்தெடுக்கவும்.

ஆங்கில எழுத்துகள் பழகிய பிள்ளைகளுக்கு "தமிழ் போனட்டிக்" எளிதாக இருக்கும். ஏ, எம், எம், ஏ என்று அழுத்தினால் "அம்மா" கிடைக்கும். தமிழை முறையாக, வேகமாக டைப் செய்யப் பழக வேண்டும் என்றால், தமிழக அரசு 1999ஆம் ஆண்டு பரிந்துரைத்த "தமிழ் 99" கீபோர்டைக் கற்றுத் தரலாம். ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும்.

மூன்று வண்ணங்கள்:

பாடப் பகுதியையோ, ஒரு சிறு கதையையோ வேர்ட் புரோகிராமில் டைப் செய்து கொள்ளுங்கள். வேர்ட் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் புரோகிராமைப் பயன்படுத்தலாம். வேர்டில் "ஹோம்" டேபில், பேனா படத்துடன் "டெக்ஸ்ட் ஹைலைட் கலர்" என்ற பட்டன் இருக்கும். அதன் அருகே உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்தால் வண்ணங்கள் கிடைக்கும்.

பிள்ளையிடம் மூன்று வண்ணங்களைத் தாருங்கள். புரியாத சொல்லுக்கு மஞ்சள். பிடித்த வரிக்குப் பச்சை. "இது ஏன் இப்படி?" என்று தோன்றும் வரிக்கு நீலம். புத்தகத்தில் கோடு போட்டால் திட்டு விழும், இங்கே விழாது. வேண்டாம் என்றால் "நோ கலர்" கொடுத்து நீக்கிவிடலாம்.

படித்து முடித்ததும் திரையைப் பாருங்கள். மஞ்சள் அதிகமாக இருந்தால் கதை கடினம். எந்த வண்ணமும் இல்லை என்றால், எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக் கொள்ள வேண்டாம். கண் மட்டும் ஓடி இருக்கலாம். நீலம் அதிகமாக இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பிள்ளை யோசித்துக் கொண்டே படித்திருக்கிறது.

ஓரத்தில் ஒரு பேச்சு:

நான் வேலை செய்யும் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்து, ஓரத்தில் கருத்து எழுத வேண்டும். "படித்தாயா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். "இந்த வரி எதற்கு? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கும்போதுதான் யார் உண்மையில் புரிந்து படித்தார்கள் என்பது தெரியும். அதே முறையைக் கதைக்கும் பயன்படுத்தலாம்.

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, "ரிவ்யூ" டேப் சென்று "நியூ கமென்ட்" என்பதில் கிளிக் செய்திடவும். கண்ட்ரோல், ஆல்ட், எம் கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் இதே கட்டம் கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்கு கண்ட்ரோல், ஆல்ட், சி. வலது ஓரத்தில் கிடைக்கும் கட்டத்தில் பிள்ளை தன் கருத்தை டைப் செய்யலாம். வேர்டின் புதிய பதிப்புகளில் டைப் செய்து முடித்ததும், கட்டத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால்தான் கருத்து பதிவாகும். "ரிப்ளை" பகுதியில் நீங்கள் பதில் எழுதலாம். ஒரே கம்ப்யூட்டர் என்பதால் இருவர் கருத்தும் ஒரே பெயரில் காட்டப்படலாம். கருத்தின் தொடக்கத்தில் யார் எழுதியது என்று குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் வராது.

முத்துவின் கதைக்கு உங்கள் வீட்டுக் கமென்ட் கட்டம் இப்படி இருக்கலாம்.

மகள்: அப்பா மேல கோபமா வருது.

அம்மா: எந்த வரியைப் படித்தபோது கோபம் வந்தது?

மகள்: சட்டையக் காட்டினப்போ. ஆட்டுக்குப் பதிலா சட்டையா?

அம்மா: அப்பாவுக்கு வேறு வழி இருந்ததா? கதையில் தேடிப் பார்.

மகள்: ஃபீஸ் கட்டணும்ல. ஆனா முத்துகிட்ட முன்னாடியே சொல்லி இருக்கலாம்.

கடைசி வரியைப் பாருங்கள். கோபத்தில் தொடங்கிய பிள்ளை, அப்பாவின் கஷ்டத்தையும் பார்த்துவிட்டு, தனக்கென்று ஒரு நியாயத்தையும் சொல்லிவிட்டது. இதனை எந்த இணைய தளத்திலிருந்தும் காப்பி செய்ய முடியாது.

அலுவலகத்திலிருந்து தாமதமாக வரும் பெற்றோருக்கும் இந்த முறை வசதியானது. மாலையில் பிள்ளை எழுதி சேவ் செய்து வைக்கட்டும். இரவில் நீங்கள் பதில் எழுதி வையுங்கள். மறுநாள் பிள்ளை கம்ப்யூட்டரைத் திறப்பதே உங்கள் பதிலைப் பார்க்கத்தான் இருக்கும்.

எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு:

டைப் செய்வது சில பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கும். அவர்களுக்குக் குரல் பதிவு நல்லது. விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் அழுத்தி "சவுண்ட் ரெக்கார்டர்" எனத் தேடித் திறந்து, சிவப்பு வட்டத்தைக் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மைக் உள்ள ஹெட்போன் ஒன்றை இணைக்க வேண்டும். பதிவான பைல்கள், டாகுமெண்ட்ஸ் போல்டரின் உள்ளே சவுண்ட் ரெக்கார்டிங்ஸ் என்ற போல்டரில் இருக்கும்.

ஒரு கதையை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு நிமிடத்திற்குள் அடக்க வேண்டும் என்றால், எது முக்கியம், எதை விடலாம் என்று யோசித்தே ஆக வேண்டும். பைலுக்குத் தேதியுடன் பெயர் கொடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பிள்ளையே கேட்கட்டும். வளர்ச்சி அதற்கே தெரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

கமென்ட் கட்டத்தில் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். ல, ள, ழ பிழைகளைத் திருத்த வேறு நேரம் உண்டு. கருத்து சொன்ன இடத்தில் பிழையைச் சுட்டினால், அடுத்த முறை "கதை நன்றாக இருந்தது" என்ற ஒரே வரியோடு பிள்ளை முடித்துக் கொள்ளும்.

"தப்பு" என்று சொல்வதற்குப் பதிலாக "எந்த வரியில் பார்த்தாய்?" என்று கேளுங்கள். தவறாகப் புரிந்து கொண்டிருந்தால், அந்த வரியைத் தேடும்போது பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

"இந்தக் கதையின் நீதி என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நீதியைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

கேள்வி கேட்டதும் உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனதிற்குள் பத்து வரை எண்ணுங்கள். யோசிக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் தேவை.

ஏ.ஐ. உதவி பற்றி ஓர் எச்சரிக்கை:

சாட்ஜிபிடி 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. கதையைக் கொடுத்தால் சுருக்கம் தருகிறது. மேலே சொன்ன மூன்று வகைக் கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறது. "முத்துவாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டாலும் அழகான ஒரு பத்தி கிடைக்கும். ஆனால் அது உங்கள் பிள்ளையின் பதில் அல்ல. இன்னொருவர் நடந்தால் நம் கால் வலுப்பெறாது. மேலும், இது போன்ற புரோகிராம்கள் கதையில் இல்லாததையும் இருப்பது போலச் சொல்வது உண்டு. கதையைப் படிக்காத பிள்ளையால் அதனைக் கண்டுபிடிக்க முடியாது.

முழுவதும் தடை செய்ய வேண்டியதில்லை; வரிசையை மாற்றினால் போதும். முதலில் பிள்ளை படித்து, தன் கருத்தை எழுதி சேவ் செய்திட வேண்டும். அதன் பின்னர், நீங்கள் உடன் அமர்ந்து, ஏ.ஐ. தரும் சுருக்கத்தைத் திரையில் காட்டுங்கள். "இதில் எது சரி, எது விட்டுப் போயிற்று, எது கதையிலேயே இல்லை?" என்று கேளுங்கள். இப்போது பிள்ளை திருத்தும் ஆசிரியர், கம்ப்யூட்டர்தான் மாணவன். சாட்ஜிபிடியின் விதிமுறைப்படி, 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதனைப் பயன்படுத்தக் கூடாது. எனவே சிறு பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்காமல், நீங்களே இயக்கிக் காட்டுவதுதான் சரி.

ஒரு வாரத் திட்டம்:

திங்கள்: ஒரு சிறு கதையின் தலைப்பையும் முதல் படத்தையும் மட்டும் காட்டி, என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பின்னர் சேர்ந்து படியுங்கள்.

செவ்வாய்: அதே கதையின் ஒரு பகுதியை வேர்டில் டைப் செய்து, மூன்று வண்ணங்கள்.

புதன்: மஞ்சள் சொற்களுக்குப் பொருளும் படமும் தேடுதல்.

வியாழன்: நீல வரிகளுக்குக் கமென்ட், நீங்கள் பதில்.

வெள்ளி: ஒரு நிமிடக் குரல் பதிவு.

சனி: கதையின் முடிவை மாற்றி எழுதுதல். ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள படங்களைக் கொண்டு பிள்ளையே ஒரு புதிய கதையை உருவாக்கும் வசதியும் உண்டு.

ஞாயிறு: கம்ப்யூட்டருக்கு விடுமுறை. தாத்தா பாட்டியிடம் அந்தக் கதையைப் பிள்ளை சொல்லட்டும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். ஒரு வாரத்திற்கு ஒரே கதை என்பதில் தயக்கம் வேண்டாம். ஏழு கதைகளை வேகமாகப் படித்து மறப்பதை விட, ஒரு கதையோடு ஏழு நாள் பழகுவது மேல்.

வரும் திங்களன்று முத்துவின் கதையிலிருந்தே தொடங்கலாம். ஐந்தே வரிகள்தான், உங்கள் பிள்ளையே டைப் செய்துவிடும். படித்து முடித்ததும், பையை எங்கே போட்டான் என்று கேட்காமல், அந்தக் கயிற்றில் என்ன கட்டி இருந்தது என்று கேட்டுப் பாருங்களேன்.